பிள்ளையின் பயம் எல்லை மீறும்போது: கொழும்புப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரில் பலர், தம் பிள்ளைக்கு மனப்பதகளிப்பு, அதாவது அளவுக்கு மிஞ்சிய பயமும் கவலையும் விடாமல் தொடரும் நோய், இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு மிகவும் சுற்றிவளைத்துத்தான் வந்து சேர்கிறார்கள். முதலில் வயிற்றுவலி என்று குடும்ப வைத்தியரிடம் போவார்கள், பூச்சி மருந்து கொடுப்பார்கள், ஸ்கான் எடுப்பார்கள், நாவூறு கழிப்பார்கள், கோயிலில் நூல் கட்டுவார்கள், ஆசிரியை சரியில்லை என்று வகுப்பை மாற்றித் தரும்படி அதிபரிடம் கேட்பார்கள். இதற்கிடையில் ஒரு தவணையே போய்விடும். அந்தச் சுற்றைக் குறைத்து, எதைக் கவனிப்பது, எதை எழுதி வைப்பது, யாரிடம் போவது, போனபின் வீட்டில் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கோயிலுக்குப் போவதையும் நூல் கட்டுவதையும் நான் குறை சொல்லவில்லை. அவை பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தெம்பு தருமானால் நல்லது. வைத்தியரிடம் போகவேண்டிய நாளை அவை பின்தள்ளக் கூடாது என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

பதகளிப்பு வளர்ப்பின் குற்றமும் அல்ல, பிள்ளையின் பிடிவாதமும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 10 முதல் 14 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு நால்வர் அளவிலும், 15 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஐவர் அளவிலும் ஏதோவொரு பதகளிப்பு நோய் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு நன்றாக இணங்கும் நோய்களுள் இதுவும் ஒன்று. அச்சிகிச்சை கொழும்பின் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

எது இயல்பான பயம்?

பயமில்லாத பிள்ளை இல்லை. எட்டு மாதக் குழந்தை புதிய முகம் கண்டு அழும். மூன்று வயதில் இருட்டுக்கும் பேய்க்கும் பயம். ஆறு ஏழு வயதில் இடி மின்னலும் நாயும். எட்டு ஒன்பதில் அம்மா அப்பா இறந்துபோவார்களோ என்ற கேள்வி. பத்து வயதுக்குமேல் பரீட்சையும் நண்பர்களும். பதின்ம வயதில் பிறர் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம். இவை வந்து போகும். ஆகவே பயம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும். அந்தப் பயம் எவ்வளவு காலமாக இருக்கிறது? பிள்ளையின் வயதுக்கும் சந்தர்ப்பத்துக்கும் அது மிஞ்சியதா? அது பிள்ளையை எதைச் செய்யவிடாமல் மறிக்கிறது?

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமானது. நாய்க்குப் பயப்படும் பிள்ளை நாயைக் கண்டால் ஒதுங்கிப் போவது இயல்பு. தெருவில் நாய் நிற்கக்கூடும் என்பதற்காக வகுப்புக்கே போகாமல் விடுவதும், மாமி வீட்டுக்கு வர மறுப்பதும், முச்சக்கரவண்டியிலிருந்து இறங்க மறுப்பதும் இயல்பு அல்ல. பெற்றோரைப் பிரிய முடியாத பயம் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை நோயாகக் கருதிப் பார்க்கலாம் என்றும், எல்லாவற்றையும் நினைத்துக் கவலைப்படும் பொதுவான பதகளிப்புக்கு ஆறு மாதம் என்றும் வைத்தியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது நோயைப் பெயரிட்டுக் குறிப்பதற்கான கணக்கு. பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பயத்தால் ஒரு வாரம் பாடசாலை தவறினாலே உதவி தேடத் தொடங்கிவிடலாம். பாடசாலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் மறுபடி போவதை இன்னும் கடினமாக்கும்.

அடையாளங்கள் எங்கே தெரியும்?

சிறு பிள்ளைகள் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுக்காக உடம்பு பேசும். காலை ஆறு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் பிள்ளை, பாடசாலை வான் ஹோன் அடித்துவிட்டுப் போனபின், எட்டு மணிக்குப் பாணும் பருப்பும் கேட்டுச் சாப்பிடுவதைப் பல வீடுகளில் காணலாம். இதைக் கண்டதும் பெரியவர்கள் "நடிப்பு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது நடிப்பு அல்ல. பயம் எழும்போது உடலில் சுரக்கும் அட்ரினலின் குடலையும் இதயத்தையும் தசைகளையும் உண்மையிலேயே பாதிக்கிறது. ஆபத்து விலகிவிட்டது என்று மூளை எண்ணியதும் வலியும் விலகுகிறது. வலி உண்மையானது, அதைக் கிளப்பியது வயிறு அல்ல, பயம் என்பதே வேறுபாடு. தலையிடி, குமட்டல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நகம் கடித்தல், தூங்க மறுத்தல், கெட்ட கனவு ஆகியனவும் இதே வகையில் சேரும். ஞாயிறு மாலையில் கூடி, வெள்ளி மாலையில் மறைந்துவிடும் நோய் என்றால் கவனியுங்கள்.

அடுத்தது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. "அம்மா, ரெண்டு மணிக்கு வருவீங்கதானே?" என்று பத்துத் தடவை. பதில் கிடைத்தால் சற்று அமைதி, பிறகு மறுபடி அதே கேள்வி. சில பிள்ளைகளிடம் பயம் கோபமாக வெளிவரும். புத்தகப் பையை எறிவார்கள், தம்பியை அடிப்பார்கள், சப்பாத்துப் போடும் நேரத்தில் கத்துவார்கள். இவர்களைக் குழப்படிக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. இன்னும் சிலர் எதையும் பிழையில்லாமல் செய்ய முனைந்து, ஒரு பக்கத்தை நான்கு தடவை கிழித்து எழுதுவார்கள். அவர்களை ஆசிரியர்கள் பாராட்டுவதால் அவர்களுடைய துன்பம் எவர் கண்ணிலும் படுவதில்லை. வகுப்பில் அமைதியாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

வீட்டில் வாயாடியாக இருந்து, பாடசாலையில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகளும் உண்டு. கொழும்பில் இதை இனங்காண்பது சற்றுச் சிக்கலானது. யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்து, வெள்ளவத்தையில் ஆங்கில மொழிமூலப் பாடசாலையில் சேர்ந்த பிள்ளை சில மாதம் பேசாமல் இருந்தால், அது புதிய மொழியைக் கேட்டுப் பழகும் காலமாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளை தமிழ் தெரிந்த நண்பனுடன் இடைவேளையில் பேசும், கையசைத்து விளையாடும். தமிழ் பேசும் பிள்ளைகளிடமும் ஆசிரியையிடமும்கூடப் பேசாமல், உடல் விறைத்து, மலசலகூடம் போகவேண்டும் என்பதைக்கூடச் சொல்ல முடியாமல் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால், அது தெரிவு சார்ந்த பேசாமை எனப்படும் பதகளிப்பு வகையாக இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையை "பேசு, பேசு" என்று வற்புறுத்துவதும், கேள்வி முடியுமுன் அம்மா பதில் சொல்லிவிடுவதும் இரண்டுமே நன்மை செய்யாது. ஐந்து விநாடி பொறுத்திருங்கள், தலையசைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பதின்ம வயதினரிடம் திடீர்ப் பீதி வரலாம். ரியூசன் வகுப்பில் நூறு பேருக்கு நடுவே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை விறைத்து, செத்துவிடுவோம் என்ற உணர்வு சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். முதல் தடவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இதயத்தைப் பரிசோதிப்பது சரியே. ஈசிஜி சரியாக இருந்தபின்னும் இது மறுபடி மறுபடி வந்தால், அடுத்த பரிசோதனையைத் தேடி அலையாமல் உளநலப் பிரிவுக்குப் போவது நல்லது.

இரண்டு வாரம் ஒரு கொப்பி

வைத்தியரைப் பார்க்குமுன் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான். ஒரு சாதாரண கொப்பி எடுத்து, பயம் வந்த ஒவ்வொரு தடவையும் நாள், நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன சொன்னது அல்லது செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதன்பின் எவ்வளவு நேரத்தில் தணிந்தது என்பவற்றை எழுதுங்கள். "செவ்வாய், காலை 6.10. சப்பாத்துப் போடும்போது வயிற்றுவலி. இன்று சித்திரப் பாடம், கணிதம். அழுதான். அம்மம்மா இன்றைக்கு நிற்கட்டும் என்றார். 7.30க்கு விளையாடினான்." இவ்வளவு போதும். இரண்டு வாரம் கழித்துப் படிக்கும்போது செவ்வாயும் வியாழனும் மட்டும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்த இரு நாளும் ஒரே ஆசிரியரின் பாடம் என்பதும் தெரிய வரலாம். எழுத எழுத, "நீங்கள் என்ன செய்தீர்கள்" என்ற பகுதியில் நம் கையும் இருப்பதைப் பெற்றோர் தாமே காண்பார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பயத்துக்கு அடியில் வேறு காரணம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை, வகுப்பில் எழுந்து வாசிக்கவேண்டிய நாளுக்குப் பயப்படுவது நியாயமே. அங்கே முதலில் கவனிக்க வேண்டியது வாசிப்பு. வானில் மூத்த பிள்ளைகள் கேலி செய்கிறார்களா? ஆசிரியர் அடிக்கிறாரா? பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தெளிவாகக் கூறுகிறது. அதைச் சுட்டிக்காட்டி அதிபரிடம் பேசப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆளை, வீட்டை, வகுப்பை மட்டும் திடீரென்று வெறுத்து அஞ்சும் பிள்ளையிடம் துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். அவ்வாறு தோன்றினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

பயம் உச்சத்தில் இருக்கும்போது விளக்கம் சொல்வதில் பயனில்லை. இரவு படுக்குமுன், அல்லது பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும்போது, முகத்துக்கு நேரே பாராத நேரத்தில் பேச்சு எளிதாக வரும். "ஏன் பயப்படுறாய்?" என்ற கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இருக்காது. "வயித்துக்குள்ள என்ன செய்யுது? எப்ப கூடுது? என்ன நடந்திடுமெண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டால் ஏதாவது சொல்லும். சொல்வதைக் கேட்டு முடித்தபின், "பயமாத்தான் இருக்கும், எனக்கு விளங்குது. ரெண்டு பேரும் சேர்ந்து இதுக்கு ஒரு வழி பாப்பம்" என்றால் போதுமானது. "இதுக்கெல்லாம் பயப்படலாமா, ஆம்பிளைப் பிள்ளையெல்லோ" என்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி ஒப்பிடுவதும் அந்த வாசலை மூடிவிடும்.

பெரியவர்களின் பயத்தையும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தபின், கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் எத்தனையோ பெற்றோர் பிள்ளையைக் கூட்டத்துக்குள் விட அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்னைய காலத்தின் சோதனைச்சாவடிகளும் இடப்பெயர்வும் பலருடைய உடம்பில் இன்னும் இருக்கின்றன. பிள்ளைக்கு உதவி தேடும்போதே தமக்கும் உதவி தேடும் பெற்றோர் பிள்ளைக்குப் பெரிய நன்மை செய்கிறார்கள்.

பாடசாலையில்

வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, குற்றம் சாட்டும் தொனியில்லாமல் கேளுங்கள்: இடைவேளையில் யாருடன் நிற்கிறது, சாப்பிடுகிறதா, பெயர் சொல்லி அழைத்தால் எப்படி இருக்கிறது, எந்தப் பாடத்தில் மாறுகிறது. உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரையும் சந்தியுங்கள். காலையில் வாசலில் வந்து கூட்டிப்போக ஒரு ஆசிரியர், பதற்றம் கூடினால் ஐந்து நிமிடம் போய் இருக்க ஓரிடம், முதல் சில வாரங்கள் எழுந்து வாசிக்கச் சொல்லாதிருத்தல் போன்ற சிறு ஏற்பாடுகள் போதுமானவை. நீண்டகாலம் பாடசாலைக்கு விடாமல் வைத்திருப்பதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளை பாடசாலை முடிந்து ஒரு வகுப்பு, சனி ஞாயிறில் இன்னும் இரண்டு, வீட்டில் கடந்தகால வினாத்தாள் என்று ஓடும்போது, மேசையில் பெரியவர்கள் வெட்டுப்புள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பரீட்சை கட்டாயமானது அல்ல. தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போன பிள்ளைக்கு ஒரு ரியூசன் வகுப்பையாவது நிறுத்துங்கள், இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தை மூடுங்கள். இதில் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஒரு நல்ல பாடசாலை இடத்துக்காக ஒரு பிள்ளையின் தூக்கத்தை ஒரு வருடம் பறிப்பது நியாயமான பேரம் அல்ல.

யாரிடம் போவது?

முதலில் குடும்ப வைத்தியர் அல்லது சிறுவர் நோய் வைத்திய நிபுணர். இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு போன்றவை பதற்றம் போலத் தோன்றலாம். இழுப்புக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல் மருந்து நெஞ்சுப் படபடப்பையும் கைநடுக்கத்தையும் தரலாம். இவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, உளநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் தரும்படி கேளுங்கள். மிகச் சிறு பிள்ளையானால் உங்கள் பகுதிக் குடும்பச் சுகாதார உத்தியோகத்தரிடமும் பேசலாம்.

கொழும்பில் சிறுவர்களுக்கென்றே உள்ள பெரிய அரச வைத்தியசாலை பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அங்கு சிறுவர் உளநலச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. காய்ச்சலுக்கும் கைமுறிவுக்கும் எல்லாரும் போகும் அதே வாசல் என்பதால், "என்ன சொல்வார்களோ" என்று அஞ்சும் குடும்பங்களுக்கும் அங்கு போவது இலகு. அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைக் கேலி செய்யும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகளின் காதில் விழ அப்படிப் பேசுவதை நாம் விடவேண்டும். நாட்டின் முதன்மையான உளநல நிறுவகம் அது. அதன் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் இரவு பகலாக ஆலோசனை பெறலாம். எங்கே, எந்த நாளில் போவது என்பதையும் அவர்களிடமே கேட்கலாம். அழைத்ததும் முதலில் "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணுவதானால், சிறுவர் மனநல வைத்திய நிபுணர் என்று கேட்டு, தமிழ் பேசுவாரா என்றும், முதல் சந்திப்புக்குக் கூடுதல் நேரம் தருவாரா என்றும் விசாரியுங்கள். இருபது நோயாளர் காத்திருக்கும் மாலையில் ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் பயத்தைக் கேட்டு முடிக்க இயலாது. வைத்தியர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். உளவியலாளர், உளவளத்துணையாளர் என்று பெயர்ப்பலகை போட்டிருப்பவரிடம் என்ன படித்தார், எங்கு பயிற்சி பெற்றார், பிள்ளைகளுடன் வேலை செய்திருக்கிறாரா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பெற்றோருக்கே யாரிடமாவது மனம் விட்டுப் பேசவேண்டும்போல் இருந்தால், மனத்துயரில் இருப்போருக்குச் செவிகொடுக்கும் தொண்டர் அமைப்பான, 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ இருக்கிறது.

இதில் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று பிள்ளை சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்தினாலோ, சாப்பாட்டையும் தண்ணீரையும் முற்றாக மறுத்தாலோ, கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றே அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் அவசர பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அம்புலன்சுக்கு 1990. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள்.

முதல் நாள்

நேரத்துக்கே போய் இலக்கம் எடுங்கள். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, வைத்தியரின் கடிதம், பழைய மருந்துத் துண்டுகள், தேர்ச்சி அறிக்கை, அந்தக் கொப்பி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சாப்பாடும் வரைதாளும் இருக்கட்டும், காத்திருப்பு நீளலாம். போவதற்கு முந்தைய இரவே பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: "பயத்தைக் குறைக்க உதவுற டொக்டரிட்ட போறம். ஊசி போடமாட்டினம். கதைப்பினம், படம் வரையச் சொல்லுவினம்." ஏமாற்றிக் கூட்டிப்போன பிள்ளை இரண்டாம் முறை வராது.

பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியாகப் பேசுவார்கள். கேள்விக்கொத்து ஒன்றை நிரப்பச் சொல்லலாம். பலம், சிரமங்கள் பற்றிய 25 கேள்விகள் கொண்ட ஒரு கேள்விக்கொத்து தமிழிலும் உண்டு. மொழி தடையாக இருந்தால் தமிழ் தெரிந்த தாதியரையோ வளர்ந்த உறவினரையோ உதவிக்கு அழையுங்கள். சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதற்காகப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் நோயைத் தானே பெற்றோருக்கு விளக்கும் பாரம் அதற்கு வேண்டாம்.

சிகிச்சையும் வீட்டில் செய்ய வேண்டியதும்

பதகளிப்புக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒரு தடவை என்று சுமார் மூன்று நான்கு மாதங்கள் நடக்கும். பயம் எழும்போது உடலில் என்ன நடக்கிறது என்பதை அறிதல், பயம் சொல்லும் கதையைச் சோதித்துப் பார்த்தல், அஞ்சுவதைச் சிறிது சிறிதாக நேர்கொள்ளல் என்பவை அதன் பகுதிகள். மூன்றாவதுதான் அச்சாணி. அஞ்சுவதைத் தவிர்க்கும் ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு உடனே ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே "தப்பியதால்தான் பிழைத்தேன்" என்று மூளைக்குக் கற்பிக்கிறது. அடுத்த தடவை பயம் பெரிதாகிறது. வீட்டிலிருப்போர் அன்பினால் செய்யும் பல காரியங்கள் இந்தத் தவிர்ப்புக்கு உதவிவிடுகின்றன: கூடப் படுப்பது, பிள்ளைக்குப் பதிலாகப் பேசுவது, வகுப்பு வாசலில் நாள் முழுக்கக் காத்திருப்பது, கேட்கும்போதெல்லாம் உறுதி கூறுவது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 124 பிள்ளைகளை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், பிள்ளைக்குச் சிகிச்சை கொடுக்காமல் பெற்றோருக்கு மட்டும் இந்த உதவிகளைக் குறைக்கப் பயிற்சி கொடுத்தபோது, பிள்ளைக்கு நேரடியாகச் சிகிச்சை கொடுத்ததற்கு ஈடான பலன் கிடைத்தது. கிளினிக் நாள் தொலைவில் இருக்கும் பெற்றோருக்கு இது நல்ல செய்தி.

செய்முறை இப்படி அமையும். அம்மா வகுப்பு வாசலில் இருந்தால்தான் உள்ளே இருப்பேன் என்னும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையுடன் இருந்து, பயத்துக்கு 0 முதல் 10 வரை புள்ளி போட்டு, ஒரு படிவரிசை எழுதுங்கள். அம்மா வாசலுக்குப் பதிலாகப் படிக்கட்டருகே இருப்பது, 3. பாடசாலைக் கேற்றடியில் இருப்பது, 5. இடைவேளைவரை வெளியே போய்த் திரும்பி வருவது, 7. விட்டுவிட்டுப் போய், முடியும் நேரத்தில் மட்டும் வருவது, 8. வானில் தனியாகப் போவது, 10. முதற்படியில் மூன்று நான்கு நாட்கள் நில்லுங்கள். முதல் நாள் அழுகை வரும். பயம் தானாக இறங்குவதைப் பிள்ளை அனுபவித்து அறியும்வரை படியை விட்டு இறங்காதீர்கள். புள்ளி பாதியாகக் குறைந்தபின் அடுத்த படி. ஏறிய ஒவ்வொரு படிக்கும், சிறிய ஆனால் நிச்சயமான ஒரு பரிசு: வெள்ளிக்கிழமை காலிமுகத்திடலில் பட்டமும் இறால் வடையும் என்றால், மழை வந்தாலும் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். படியை ஒருபோதும் ஏமாற்றி மாற்றாதீர்கள். கேற்றடியில் இருப்பதாகச் சொல்லிவிட்டு நழுவிப் போன அம்மாவை அடுத்த மாதம்வரை பிள்ளை நம்பாது.

திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு ஒரு தடவை முழுமையாகப் பதில் சொல்லுங்கள். அடுத்த தடவை, "பதில் நான் சொல்லிட்டன், செல்லம். இப்ப கேக்கிறது பயம். அதுக்கு நீங்களே பதில் சொல்லுங்கோ பாப்பம்" என்று மெதுவாகத் திருப்பிவிடுங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பெரியவர்களும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும். அம்மா படியேற்றும்போது அம்மம்மா "பாவம், இண்டைக்கு ஒருநாள் நிக்கட்டும்" என்றாலோ, வெளிநாட்டிலுள்ள அப்பா வாட்ஸ்அப்பில் "பிள்ளையை அழவிடாதேங்கோ" என்றாலோ ஒரு வார உழைப்பு போய்விடும். அவர்களையும் இருத்தி, ஏன் இப்படிச் செய்கிறோம் என்று முன்கூட்டியே விளக்குங்கள். முடிந்தால் ஒருமுறை கிளினிக்குக் கூட்டிப்போங்கள்.

மூச்சுப் பயிற்சியும் உதவும், ஆனால் பயமில்லாத நேரத்தில் பழகினால்தான். படுக்கையில் வயிற்றின்மேல் கை வைத்து, நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடட்டும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

மருந்து

எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவைப்படாது. பதகளிப்பு கடுமையாக இருந்தாலோ, சிகிச்சையில் பங்குபற்ற முடியாத அளவுக்குப் பயம் இருந்தாலோ, செர்ட்ரலின், ஃபுளுஒக்செற்றின் போன்ற மருந்தொன்றை வைத்தியர் எழுதலாம். அமெரிக்காவில் 7 முதல் 17 வயதுவரையான 488 பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரத்தில், மேலே சொன்ன அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் செர்ட்ரலினும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 81 பேர் நன்கு தேறினார்கள். சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60, மருந்து மட்டும் பெற்றவர்களில் 55, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24. இம்மருந்துகள் போதையைப் போல அடிமைப்படுத்துவன அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். தொடக்கத்தில் வயிற்றுக் கோளாறும் அமைதியின்மையும் வரலாம். முதல் வாரங்களில் சில பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், மனநிலை மோசமாவதாகத் தெரிந்தால் உடனே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளை தேறிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். பார்மசியில் வேறொரு பிள்ளையின் துண்டைக் காட்டியும் வாங்காதீர்கள்.

தேறியபின்

பயம் ஒரேயடியாகப் போய்விடாது. நீண்ட விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் வாரம், வீடு மாறும்போது, காய்ச்சலில் சில நாள் நின்றபின், சாதாரண தரப் பரீட்சைக்கு முன் மறுபடி தலைகாட்டும். அப்போது பழைய படிவரிசையை எடுத்து, பிள்ளை கடைசியாக நின்ற இடத்துக்கு இரண்டு படி கீழிருந்து தொடங்குங்கள். இம்முறை ஏற்றம் வேகமாக இருக்கும். இரண்டு வாரத்தில் பயம் தணியாவிட்டால் கிளினிக்குக்குத் திரும்பிப் போங்கள். கிளினிக் கொப்பியையும் நீங்கள் எழுதிய கொப்பியையும் ஒரே உறையில் போட்டு, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அலுமாரியில் வையுங்கள்; அடுத்து பார்க்கப்போகும் வைத்தியர் வேறொருவராக இருந்தால், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லவேண்டிய தேவை இருக்காது.